ஈரம் பார்ப்பதில்லை, இப்படிக்கு பாய்

கம்ப்யூட்டர் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் அடுத்தவர் கம்ப்யூட்டரை. (என்னிடம் அப்போது சொந்தமாக ஒன்று கிடையாது.) ஆனால் ஒரு சர்வரை வைத்து ஒரு சாலையையே அடைத்ததை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. முதலாளியை ஊரே பாய் என்றுதான் அழைக்கும். ஆலையிலும் கும்பகோணம் கடையிலும் இருக்கும் ஆட்கள் ஒரே இடத்தில் பேசிக்கொள்ளவும் கோப்புகளைப் பகிரவும் அவருக்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதுவும் சொந்த சர்வரில்.

"நம்ம பேச்சு நம்ம கூரைக்குள்ளயே இருக்கட்டும் தம்பி. அது ஏன் வெளியூர் மெஷின்ல போய்த் தங்கணும்? ஒழுங்கா செஞ்சு குடுங்க, இங்கயே நிரந்தரம்" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனாரிடம் 'வேலை நிரந்தரம்' என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். (பொய்யில்லை. கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.)

சாக்கு மூட்டைகளுக்கு நடுவே மூன்று நாள் உட்கார்ந்து நிறுவினேன். திரை எதைக் கேட்டாலும் 'சரி' என்று அழுத்துவதே என் தொழில்முறை. ஆலையின் பழைய ஃபோன் பட்டியல் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு ஊழியர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்திருக்க வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று முழுதாக ஏற்றினேன். ஆலைக்கு நெல் போடும் விவசாயிகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். மென்பொருளுக்குள் இன்னும் வராதவர்களுக்குச் செய்தியை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் 'சரி'.

சோதனைக்காக 'டெஸ்ட்' என்று தட்டப் போனேன். மேனேஜர் சரோஜா அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"புது மெஷின்ல மொத வார்த்தை அதுவா? புது நோட்டுன்னாலே பிள்ளையார் சுழி போட்டுத்தான ஆரம்பிக்கிறோம். நல்லதா ஏதாச்சும் போடுங்க. படிக்கிறவங்க வயிறு குளுரணும்."

நெல் ஆலையில் வயிறு குளிர என்ன எழுதுவது? அறுவடையும் மழையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்ற வாரம் அது. நெல்லைக் காயவைக்கும் டிரையர் பழுதாகி, 'ஈர நெல் எடுப்பதில்லை' என்று வாசலில் பலகை தொங்கியது. தினமும் யாராவது வந்து கெஞ்சிவிட்டுப் போவார்கள். ஆகவே அந்த வாரத்தில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மங்களமான வாசகத்தைத் தட்டினேன்:

'இன்று எல்லா நெல்லும் எடுக்கப்படும். ஈரம் பார்ப்பதில்லை. இப்படிக்கு, பாய்.'

"நம்ம ஆளுங்க மட்டுந்தான பாப்பாங்க? போடுங்க, சிரிக்கட்டும்" என்றார் அக்கா. போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வாட்ச்மேன் அந்தோணி அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "தம்பி, கேட்டுல எட்டு டிராக்டர் நிக்குது. பின்னாடி இன்னும் வந்துகிட்டே இருக்கு. பாய் வரச் சொன்னாராமே?"

'அனைவருக்கும் சென்றடைந்தது' என்று திரையில் பச்சையாக ஒரு டிக். அதுவரை பச்சை எனக்குப் பிடித்த நிறம். உடனே மறுப்பு அனுப்பலாமென்றால், அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்து, நானே போட்ட பூட்டு என்னை வெளியே தள்ளிவிட்டது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. டிரெய்லர் டிரெய்லராக ஈர நெல். திருப்பி அனுப்பினால் வழியிலேயே நனைந்து முளை கட்டிவிடும். வேளாங்கண்ணி போயிருந்த பாய் ஃபோனை எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். பத்தாவது டிராக்டரிலிருந்து இறங்கியவர் என் மாமனார்.

"மாப்ள! உங்க மொதலாளி மனுசனே இல்ல, தெய்வம்! மெசேஜப் பாத்ததும் தார்ப்பாயத் தூக்கி எறிஞ்சுட்டு நெல்ல ஏத்திகிட்டு ஓடியாறேன்."

"சந்தோசம் மாமா" என்றேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவர் டிராக்டருக்கு வரிசையில் இடம் காட்டினேன்.

பாயின் கார் வந்தது. வரிசையைத் தாண்ட முடியாமல் இறங்கி நடந்தார். வழிநெடுக விவசாயிகள் கும்பிட, ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தவரிடம் ஒருவர் ஃபோனை நீட்டினார். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது யாரு தம்பி போட்டது?"

"நீங்க... அதாவது, உங்க பேர்ல நான். டெஸ்ட்டுக்கு."

மாமனார் பக்கம் நான் திரும்பவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

பாய் வானத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "கேட்டத் தொறங்க அந்தோணி. என் பேர்ல வந்துருச்சுல்ல, இனிமே அது என் வார்த்தைதான்." திருப்பனந்தாளில் ஆலை வைத்திருக்கும் சிநேகிதரைக் கூப்பிட்டு டிரையரைக் கேட்டார். பாதி நெல் அங்கே போகும். மீதியைக் கிடங்குத் தரையில் விரித்து, ஃபேன் போட்டுக் கிளற வேண்டும்.

"யாரு கிளறுறது?" என்றார் சரோஜா அக்கா, கொஞ்சமும் கூசாமல்.

மூன்று நாள் கிளறினேன். நெல் சொணை எங்கெங்கே அரித்தது என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. நான்காம் நாள் பாய் கூப்பிட்டார். "வேலை நிரந்தரம். ஆனா ஒண்ணு. இனிமே எந்த மெசேஜும் அந்தோணி படிச்சு சரின்னு சொன்னாத்தான் போகணும். அன்னைக்கு டிராக்டருக்கு முன்னாடி நின்னது அவருதான்."

இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படிப்பார். சில நாள் "வேணாம் தம்பி" என்று விடுவார். காரணம் சொல்வதில்லை.

போன மாதம் மகளுக்குக் காதுகுத்து. அழைப்பை நானே உருகி உருகி எழுதி, சொந்தக்காரர்களுக்கு அனுப்புமுன் மாமனாரிடம் காட்டினேன். ஃபோனைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்துக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தோணி பாத்துட்டாரா மாப்ள?"