நான் அறுத்த பூட்டு

பினாங்கு,
20-9-1988

மதிப்பிற்குரிய அத்தான் ராமதாஸ் அவர்களுக்குத் தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், மெஷினைத் தவிர. தாசேக் கெலுகோரில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

நான் ஒரு பூட்டை அறுத்தேன். பத்து நாளாக என் மெஷின் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே உங்கள் மகள் ருக்குமணியை அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து உடனே நிறுத்திவிடுங்கள். சேர்த்துவிட்டவன் நான்தான், நிறுத்தச் சொல்பவனும் நானே.

பாயான் லெப்பாஸில் மூடிப்போன ஒரு ஃபேக்டரியிலிருந்து, மிளகாய்த்தூள் பொட்டலம் போட ஒரு மெஷினை மலிவாகப் பிடித்தேன். மெயின் சுவிட்சில் பூட்டும், ‘பஷீர், 3.10, உள்ளே வேலை’ என்ற சிவப்பு அட்டையும் தொங்கின. சாவி இல்லை. சாவிக்குக் காத்திருந்தா நான் இந்த மசாலைக் கடையை வளர்த்தேன்? ரம்பத்தை எடுத்தேன். மறுநாளிலிருந்து சரியாக மூன்று பத்துக்கு மெஷின் தானே நிற்கிறது, உள்ளே யாரோ ஸ்பேனரால் முடுக்குகிற மாதிரி கிர்க், கிர்க் என்று சத்தம், கால் மணி கழித்துத் தானே ஓடுகிறது, திறந்து பார்த்தால் காலையில் ஆடிய நட்டு இறுகியிருக்கிறது. கூலி கேட்காத மெக்கானிக் என்று முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் பொட்டலம் சிக்கிக் கையை விட்டேன். உள்ளிருந்து ஏதோ என் விரல்களை மெதுவாக வெளியே தள்ளியது. விரல் நுனியெல்லாம் கிரீஸ். அந்த மெஷினுக்கு நான் கிரீஸ் போட்டதே இல்லை.

ருக்குமணி வந்து மீட்டரை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள், வயரில் குறை ஒன்றுமில்லை என்றாள், பிறகு சுவிட்சில் இருந்த பூட்டு எங்கே என்றாள். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. மெஷினுக்குள் கை வைக்குமுன் அவரவர் பூட்டை அவரவர் போட வேண்டும், போட்டவர்தான் கழற்ற வேண்டும், மேனேஜர்கூடத் தொடக்கூடாது, இதுதான் அங்கே முதல் பாடமாம்.

“பூட்டு தொங்கினா ஆளு உள்ள இருக்காருன்னு அர்த்தம் மாமா. அவரு வெளிய வந்தாரான்னு பார்க்காம சுவிட்ச் போட்டுட்டீங்க.”

அதோடு விட்டாளா? தன் பூட்டைப் போட்டு, தன் பேர் எழுதிய அட்டையை மாட்டி, சாவியோடு வகுப்புக்கு பஸ் ஏறிவிட்டாள். தீபாவளி ஆர்டர் அப்படியே கிடக்கிறது. சொந்த மெஷினைத் தொட அவளிடம் நான் அனுமதி கேட்பதா? படிப்பை நிறுத்திச் சாவியை வாங்கி அனுப்புங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

தங்கராஜு

பி.கு.: தபாலில் போடுமுன் பஷீரே வந்துவிட்டார். உயிரோடுதான், பட்டர்வொர்த்தில் சைக்கிள் கடை, நல்ல தொப்பை. ருக்குமணி தன் வாத்தியார் மூலம் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் அறுபட்ட பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகினார், தன் அட்டையைக் கிழித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

“இன்னொரு பூட்டு எங்கண்ணே? அன்னிக்கு ரெண்டு பேருல்ல பூட்டு போட்டோம்.”

நான் அறுத்தது இரண்டு, அத்தான். ஒன்றில் அட்டை இல்லாததால் சாக்கடையில் எறிந்தேன், அதை மேலே எழுதவில்லை. அன்று உள்ளிருந்து வெளியே வந்தவர் பஷீர் மட்டும்தானாம். மணி மூன்று பத்தானதும் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஆகவே ருக்குமணி படித்து முடிக்கட்டும். தன் பூட்டை அவளே கழற்றிவிட்டாள். பேசி முடித்தது இது: சனிக்கிழமைதோறும் அவள் வந்து மெஷினைப் பார்ப்பாள், மாதம் அறுபது வெள்ளி சம்பளம். தினமும் மூன்று பத்திலிருந்து மூன்று இருபத்தைந்து வரை மெஷினை நாங்களே நிறுத்திவைப்போம். அந்தக் கால் மணிக்கு யாருக்கும் கூலி பிடிப்பதில்லை.