பின்னட்டை டிராகன்

நெவில் கிராப் என் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதாக இருந்தால், என் பிணத்தைத் தாண்டித்தான் வைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது அவன் என் முன்னறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறான். நான் உயிரோடுதான் இருக்கிறேன். அது ஒன்றுதான் குறை.

நெவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். என் ஏணியை இரவல் வாங்கிப்போனவன். ஆயுள் முழுக்கக் கூரைக்கு ஓடு வேய்ந்து பிழைத்தவன் நான். மற்றவர்களுக்குக் கால் எப்படியோ, எனக்கு ஏணி அப்படி. "சனிக்கிழமை தந்துடறேன், சிரில்" என்று சொல்லித்தான் தூக்கிப் போனான். எந்த வருஷத்துச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

அதையாவது விட்டுவிடலாம். என் மனைவி மேவிஸ் அவனோடு சேர்ந்து சிரிக்கிறாள். அதை எப்படி விடுவது?

லியோபோல்ட் கிரஞ்ச் என்று ஒருவர் இருந்தார். மந்திரவாதி, பூதம், வாயாடும் வாத்து என்று வேடிக்கைக் கதைகளாக எழுதித் தள்ளிவிட்டுச் செத்துப் போனார். அவருடைய பிரபலமான புத்தகங்கள் ரயில் நிலையத்தில்கூடக் கிடைக்கும். மேவிஸும் நெவிலும் இருக்கும் வாசகர் கூட்டம் அவற்றைத் தொடாது. யாரும் வாங்காத, விற்காத, கடைக்காரனே மறந்துபோன கிரஞ்ச் நாவல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன், தெருக்கோடி பப்பின் பின்னறையில் அபிப்பிராயம் சொல்லிக்கொள்வார்கள். அதற்கென்று மழையில் நனைந்துகொண்டு போவார்கள். எங்கள் ஊரில் மழைக்கு விடுமுறை கிடையாது.

வீட்டில் மேவிஸ் முட்டையும் ரொட்டியும் என் முன்னால் வைத்துவிட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் போய்விடுவாள். புத்தகம் குலுங்கும்.

"என்ன?" என்பேன்.

"ஒண்ணுமில்ல. சொன்னா புரியாது."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கூரை ஏறியவன் நான். அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து, நான் சொல்லி அவள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பப்புக்கு மூடுவிழா வந்தது.

"பப்பை மூடுறாங்க, சிரில்" என்றாள்.

"எல்லாத்தையும்தான் மூடுறாங்க. பேங்கை மூடினாங்க. போஸ்ட் ஆபீஸை மூடினாங்க. அடுத்தது நான்தான்."

"எங்களுக்கு உக்காந்து பேச இடமில்ல. நம்ம முன்னறை சும்மாதானே கிடக்கு."

"அது சும்மா கிடக்கறதுக்குன்னே வெச்சிருக்கற அறை."

"யாரும் உக்காராத அறைக்கு எதுக்கு அத்தனை நாற்காலி?"

"நெவில் உக்காராம இருக்கறதுக்கு. என் ஏணி வர்ற வரைக்கும் அவன் படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

மேவிஸ் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. பரிதாபப்பட்டாள். அதனால்தான் எனக்கு வெறி ஏறியது. கூட்டத்துக்கு இடம் கொடுப்பதாவது, கூட்டத்தையே கலைத்துவிடுகிறேன் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன்.

"உங்கள்ல ஒருத்தரும் ஒழுங்கா படிக்கறதில்ல, மேவிஸ். படிச்ச மாதிரி தலையாட்டிக்கிட்டு பீர் குடிக்கறீங்க. அடுத்த வியாழக்கிழமை நான் வர்றேன். நானும் ஒரு புத்தகத்தப் பத்திப் பேசறேன். நான் பேசற பேச்சுல அத்தனை பேரும் வாயடைச்சுப் போயிட்டா, நீ கூட்டத்த விட்டுடணும்."

"வாயடைச்சுப் போகலேன்னா?"

"உங்க கூட்டத்து விதி என்னவோ, அதன்படி நடக்கறேன்."

"விதிப்படியா?"

"விதிப்படி."

"கையக் குடு" என்றாள். கொடுத்தேன். கல்யாணத்தன்றைக்கும் இப்படித்தான் யோசிக்காமல் கொடுத்தேன்.

மறுநாள் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. 'ஓய்வுபெற்ற பூதம்.' செங்கல் கனம். உள்ளே எழுத்தெல்லாம் எறும்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இன்னும் சின்ன எறும்பு. புரட்டிப் பார்த்துவிட்டுப் பின்னட்டைக்குப் போனேன். அங்கே எல்லாமே இருந்தது. ஒரு சாம்ராஜ்யம். ஒரு பச்சை டிராகன். ராஜகுமாரியின் கல்யாணத்தன்று அது வந்து மாளிகைக் கூரையைக் கொளுத்திவிடுகிறது. கூரை என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பின்னட்டையை மனப்பாடம் செய்தேன். மேவிஸ் பார்க்கும்போதெல்லாம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு குலுங்கினேன்.

"எப்படிப் போகுது?" என்று கேட்பாள்.

"சொன்னா புரியாது" என்பேன். அந்த ஒரு வாரம்தான் நான் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை. பின்னறையில் ஏற்கெனவே படங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சாவு வீட்டுக் களை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ் டில்லி, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நெவில் எனக்கு எதிரே.

"வா சிரில். கால் வலி எப்படி இருக்கு?"

"ஏணி எப்படி இருக்கு?" என்றேன்.

மிஸ் டில்லி ஆரம்பித்தார். "இந்தக் கிரஞ்சோட முதல் நாவல் இருக்கே, கப்பலேறின வாத்து, அதை யாரும் மதிக்கறதில்ல. எனக்கு அதுதான் உசுரு."

"கதைய முடிக்கத் தெரியாம எழுதினது அது" என்றான் நெவில். "கடைசி அத்தியாயத்துல வாத்தையே மறந்துட்டாரு மனுஷன்."

"நீ ஏணிய மறந்த மாதிரி" என்றேன். யாரும் கவனிக்கவில்லை.

"வாத்து கரையேறிடுச்சுன்னு அடிக்குறிப்புல போட்டிருக்காரு" என்றாள் மேவிஸ். "மேல கதை, கீழ சிரிப்பு. கீழ படிக்காதவங்களுக்குக் கிரஞ்ச் கிடையாது."

"அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்ப எழுதினாரே, உப்பு ராஜா, அதுல சிரிப்பே வராது" என்றார் மிஸ் டில்லி. "ஆனா அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கறேன். தனியா இருக்கறவங்களுக்கு எழுதின புத்தகம் அது."

இதற்கெல்லாமா இவர்கள் மழையில் வருகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"ஓய்வுபெற்ற பூதம்" என்றேன். "நல்ல நாவல். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த டிராகன்தான்."

மிஸ் டில்லியின் கை பீர் கோப்பையில் நின்றது.

"அது வந்து கூரையக் கொளுத்துற இடம் பிரமாதம். கூரையப் பத்தி கிரஞ்சுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. டிராகன் இல்லேன்னா அந்தப் புத்தகமே இல்ல."

அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். சத்தியமாக. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மேவிஸைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சிரில்" என்றான் நெவில் மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல. "அந்தப் புத்தகத்துல டிராகன் கிடையாதுப்பா."

"பின்னட்டையில போட்டிருக்கே."

"மறுபதிப்புல வேற ஒரு புத்தகத்தோட பின்னட்டையத் தப்பா ஒட்டிட்டாங்க. கிரஞ்ச் படிக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை அது. படிக்காதவன் கண்ணுக்கு மட்டும்தான் அந்த டிராகன் தெரியும்."

பிறகு அவர்கள் சிரித்தார்கள். மிஸ் டில்லி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மூடப்போகும் பப் அதற்குப் பிறகு அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

"எல்லாரும் வாயடைச்சுப் போனீங்க" என்றேன். "பந்தயம் பந்தயம்தான்."

"போனோம். உடனே திரும்பி வந்துட்டோமே" என்றாள் மேவிஸ். "விதி என்னன்னு சொல்லுங்க, மிஸ் டில்லி."

மிஸ் டில்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டிராகனைப் பாத்தவர் வீட்டுலதான் இனிமே கூட்டம் நடக்கணும். அந்தப் புத்தகத்த முதல் பக்கத்துலேர்ந்து அவரே உரக்கப் படிக்கணும். அடிக்குறிப்போட."

எனக்கு ஒரே ஒரு அரண் பாக்கி இருந்தது. ஏணி வராமல் நெவில் வர முடியாது. நெவிலாவது, ஏணியைத் தருவதாவது.

அடுத்த கூட்டத்தன்று கதவைத் திறந்தால், கொட்டும் மழையில் நெவில். தோளில் என் ஏணி.

"மேவிஸ் கொண்டாரச் சொன்னா" என்றான். "இத்தன நாளு நீ ஒரு தடவகூடத் திருப்பிக் கேக்கலையே. வேண்டாம்னு நெனச்சுட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். ஊர் பூராவும் சொல்லியிருக்கிறேன். அவனிடம் கேட்டதில்லை. ஏணி போனதுகூட நஷ்டமில்லை. வந்ததுதான் நஷ்டம். காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்ள எனக்கென்று ஒன்று இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

முன்னறை நாற்காலிகளில் உறையை எடுத்தார்கள். நான் நின்றுகொண்டு படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கதையில் ஒரு பூதம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் யார் எப்போது குடுவையைத் தேய்த்துவிட்டு நன்றி சொல்லாமல் போனார்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் நிறுத்தினேன். அறையில் எல்லோரும் அவரவர் தேநீரைப் பார்த்தார்கள்.

"அடிக்குறிப்பு" என்றாள் மேவிஸ்.

படித்தேன். "பூதம் கோபித்துக்கொண்டு குடுவைக்குள் போய்விட்டது. மனைவி மூடியைத் திருகினாள். பிறகு, மூச்சு முட்டுமே என்று, லேசாகத் தளர்த்தி வைத்தாள்."

மேவிஸ் சிரித்தாள். நெவிலைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து. என் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வயசாகிவிட்டால் முகம் சொன்னபடி கேட்பதில்லை.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளை எடுத்துக் கழுவப் போட்டேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது.

"மேவிஸ், டிராகனப் பாத்தவன் வீட்டுல கூட்டம்னு ஒரு விதி இருக்கே. அத எப்ப போட்டீங்க?"

அவள் பிஸ்கட் டப்பாவை மூடி, இறுக்கித் திருகினாள்.

"விதிப்படி நடக்கறேன்னு நீ கையக் குடுத்தியே, அன்னைக்கு சாயங்காலம்."