நாற்பது என்றால் பன்னிரண்டு

'படிக்கட்டு' கம்ப்யூட்டரில் நாற்பது என்று தட்டினார். திரையும் நாற்பது என்று காட்டியது. அவர் நாற்காலியில் சாய்வதற்குள் அது பன்னிரண்டு ஆகிவிட்டது.

"ஏய்!" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்து.

ரேடியோ சிப் செய்யும் நிறுவனம் அது. சிப்புக்குள் குரலைப் பெரிதாக்கும் சர்க்யூட்டை வடிவமைத்தது அவர் மனைவி. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று அதற்கு எண்ணால் உத்தரவு போடும் சாஃப்ட்வேரை எழுதியது அவர். கூட்டுவது, குறைப்பது எல்லாமே அவருக்குப் படிக்கணக்குதான். ஆபீசில் 'படிக்கட்டு' என்ற பட்டப்பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனைவியோ எதற்கெடுத்தாலும் "கொஞ்சம்" என்பாள். "கொஞ்சம்னா எத்தனை படி?" என்று கேட்டு அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே இல்லை.

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். கீழ்த்தள லேப்பில் சிப்பை மாட்டிவைத்திருக்கும் போர்டில் செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இந்தச் சிப்பையே மூட்டை கட்டிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். சிப் போனால் புருஷன், பெண்டாட்டி இருவர் வேலையும் சேர்ந்தே போகும். காலையில் வண்டியில் வரும்போதே அதில்தான் சண்டை. நாற்பதுக்குக் குறையவே கூடாது என்பது அவர் கட்சி. கொஞ்சமாக வைத்தால்தான் தெளிவு என்பது அவள் கட்சி.

மறுபடி நாற்பது. மறுபடி பன்னிரண்டு.

"சொன்ன பேச்சைக் கேக்குதா பாரு!"

பல்லைக் கடித்துக்கொண்டு, நொடிக்கொரு தரம் நாற்பது என்று எழுதும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, லேப் போர்டோடு இணைத்திருந்த அவர் மேஜை ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் திடீரென்று அலறினார், அடுத்த கணமே கிணற்றுக்குள் விழுந்தவர்போல முனகினார். நொடிக்கு நூறு தரம் எழுத வைத்தார். சிப்பும் சளைக்கவில்லை. இப்போது செய்தியே போய், குளவிக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரே இரைச்சல்.

கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மாடியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் சர்க்யூட்டுக்குப் பேய் புடிச்சிருக்கு."

"என் சர்க்யூட் தங்கம். உங்க சாஃப்ட்வேருக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யுது!"

"எனக்கு மட்டும் என்னவாம்? போனை வைங்க, இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு."

கட்டிய பெண்டாட்டியிடமிருந்து ஓர் ஆறுதல் வார்த்தை வராதா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் எண்ணுக்குப் பூட்டே போட்டுவிட்டார். இனிக் கடவுச்சொல் தெரியாமல் அதை யாராலும் மாற்ற முடியாது.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் போர்டு ஒருமுறை அணைந்து எழுந்திருந்தது. எண் பன்னிரண்டு. மாற்றப் போனால், 'கடவுச்சொல் தவறு' என்றது.

"நான் வச்ச பூட்டுக்கு என்கிட்டயே சாவி கேக்குறியா?"

அவரும் போர்டை அணைத்துப் போட்டார். மறுநொடி அது தானாக அணைந்தது. இவர் போட்டார், அது அணைந்தது. ஆத்திரத்தில் அவருக்குக் கண்மண் தெரியவில்லை. இருப்பதிலேயே உச்சமான எண்ணைத் தட்டி, ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சு பேச்சில்லை.

விழுந்தடித்துக்கொண்டு லேப்புக்கு ஓடினார். எதிர்வாசல் வழியாக மனைவியும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். மேஜைமேல் போர்டு கருகிக் கிடந்தது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

"இவ சர்க்யூட்!"

"இவர் சாஃப்ட்வேர்!"

"காலையிலேர்ந்து என் போர்டு என் பேச்சையே கேக்கல சார்!"

"உங்க போர்டா? எரிஞ்சு கெடக்கிறது என் போர்டு!"

லேப் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார்.

"ஆளுக்கொரு போர்டு கேட்டாங்க, ஒரு போர்டுதான் சார் இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டிதானே, அனுசரிச்சுப் போவாங்கன்னு ரெண்டு பேரையும் அதுலயே மாட்டிவிட்டேன்."