நாலு சதவீத மாப்பிள்ளை

நாலாம் நம்பர் தொட்டியில் இருந்த பீர், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சட்டத்தை மீறியது. பீரில் ஆல்கஹால் நாலு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மாநிலச் சட்டம். மீட்டர் ஐந்து புள்ளி ஒன்று என்றது.

மாப்பிள்ளை மீட்டரைத் தட்டினார். தும்மினார். மறுபடி பார்த்தார். ஐந்து புள்ளி ஒன்று.

அவர் அந்த பீர் ஆலையின் பரிசோதகர். ஆலை மாமனாருடையது. அதனால் மூட்டை தூக்குபவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த அன்றே பார்லித் தூசியில் அடைத்துக்கொண்ட மூக்கு இன்னும் திறக்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தொட்டி பீர் அளவு மீறிச் சாக்கடைக்குப் போயிருந்தது. இரண்டையும் அவரே அளந்து, அவரே சொல்லி, அவரே குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

மூன்றாவது பற்றி மாமனார் முன்பே பேசியிருந்தார்.

"மாப்பிள்ளை, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அது ரெண்டு தொட்டி வரைக்கும் தாங்குச்சு. மூணாவதும் சாக்கடைக்குப் போச்சுன்னா, மறுநாள்ல இருந்து நீங்க பாட்டில் கழுவுற இடத்துல இருப்பீங்க. மரியாதையோடதான்."

வெள்ளிக்கிழமை கலால் அதிகாரி வருகிறார்.

"தண்ணி ஊத்துங்க மாப்பிள்ளை. ஊர் உலகத்துல வேற என்ன பண்றாங்க?" என்றார் மேஸ்திரி.

செவ்வாய்க்கிழமை மதியம்வரை குழாய் ஓடியது. ஒவ்வொரு அரை மணிக்கும் மாப்பிள்ளை ஒரு குடுவை பீர் பிடித்து அளந்தார். அளந்து முடித்ததும் குடுவையைக் கழுவி, மூடி போட்டு, மேசைமேல் வைக்கிற வேலை துப்புரவு அக்காவுடையது. குடுவையில் ஒரு தூசி இருந்தாலும் கணக்கு தப்பிவிடும் என்று முதல் நாளே மாப்பிள்ளை அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மூன்று புள்ளி ஒன்பது. மாப்பிள்ளை குழாயை மூடினார்.

மூன்று மணிக்கு மாமனார் வந்து ஒரு வாய் குடித்தார்.

"இது என்ன மாப்பிள்ளை, பீர் குடிச்ச டம்ளரைக் கழுவின தண்ணியா?"

"லைட்டா இருக்கும் மாமா. சட்டம் அப்படி."

"சட்டம் லைட்டா இருக்கத்தான் சொல்லுச்சு. இல்லாமலே இருக்கச் சொல்லலையே!"

அன்று வீட்டில் மனைவி சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. "எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு புள்ளி ஒன்பது."

"நல்லது. ஆனா அப்பா ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வச்சிருக்கார். உங்களுக்கு ஒன்பதாம் நம்பர்தானேன்னு என்கிட்ட கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"எட்டுன்னேன். ஒன்பது லூசா இருக்குமே."

புதன்கிழமை மேஸ்திரி இன்னொரு யோசனையோடு வந்தார். நீர்த்துப்போன பீருக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டால் நாக்கில் நிற்குமாம். நாலு மூட்டை போட்டார்கள். நன்றாகத்தான் நின்றது. மாமனார்கூட இரண்டாவது வாய் குடித்தார்.

தொட்டியின் அடியில் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டுக்குச் சட்டம் தெரியாது. சர்க்கரை தெரியும்.

வியாழக்கிழமை காலையில் தொட்டி முனகிக்கொண்டிருந்தது. மீட்டர் ஐந்து புள்ளி ஆறு.

"நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர்தானே?" என்று மேஸ்திரி சந்தேகமாகக் கேட்டார்.

"ஆமா."

"சர்க்கரை போட்டா ஏறும்னு பாடத்துல இல்லையா?"

"இருந்துச்சு. அது பரீட்சைக்கு."

மறுபடி தண்ணீர். இந்த முறை தொட்டி நிரம்பி, மூடி வழியாக நுரை தள்ளி, மேஸ்திரியின் சட்டைப் பைவரைக்கும் வந்தது. அடுத்த பீருக்காகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த ஐந்தாம் நம்பர் தொட்டியில் பாதியைத் திருப்பிவிட்டு, இரண்டிலும் தண்ணீரைத் திறந்தார்கள். ஈஸ்ட் மறுபடி எழுந்துவிடாதபடி இரண்டையும் ஐஸ் மாதிரி குளிரவைத்தார்கள். சாயங்காலம் இரண்டும் மூன்று புள்ளி ஒன்பது. திங்கட்கிழமை சட்டத்தை மீறிய பீர் ஒரு தொட்டி இருந்தது. வியாழக்கிழமை சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஏதோ ஒன்று இரண்டு தொட்டி இருந்தது.

"கலரும் போயிடுச்சே மாப்பிள்ளை. கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி…"

"மேஸ்திரி, இனிமே சர்க்கரைங்கற பேச்சு உங்க வாயில வரக் கூடாது. டீக்கடையிலகூட."

வெள்ளிக்கிழமை அதிகாரி ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியில் அவருடைய மீட்டர், அவருடைய குடுவை. நாலாம் தொட்டியில் பிடித்தார், அளந்தார். ஐந்தாம் தொட்டியில் பிடித்தார், அளந்தார். மாப்பிள்ளை சுவரோரம் நின்று தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார். மாமனார் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் எட்டு என்று எழுதியிருந்தது.

"ரெண்டு புள்ளி ரெண்டு. ரெண்டு தொட்டியும்," என்றார் அதிகாரி.

"அது சட்டப்படி சரிதானுங்களா?" மாமனாரின் குரல் இறங்கியிருந்தது.

"கூடினாத்தான் சார் குத்தம். குறைஞ்சா குடிக்கிறவன் தலையெழுத்து." கையெழுத்துப் போட்டார்.

மாமனார் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். "மாப்பிள்ளை, சாக்கடைக்குப் போகலை. பேச்சுன்னா பேச்சு, நீங்க இங்கேயே இருங்க. ஆனா இந்தத் தண்ணிய நான் யார் தலையில கட்டுறது?"

மாப்பிள்ளை அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கெமிஸ்ட்ரி விடவில்லை.

"சார், உங்க மீட்டர்ல ஏதோ கோளாறு. நேத்து எங்க மீட்டர்ல மூணு புள்ளி ஒன்பது."

அதிகாரி முதுகை நிமிர்த்தினார். "என் மீட்டருக்குப் போன வாரம்தான் முத்திரை போட்டாங்க. உங்களோடதைக் கொண்டாங்க. சும்மா குடிதண்ணிய அளந்து காட்டுங்க. பூஜ்யம் வரணும்."

மாப்பிள்ளை குடுவையின் மூடியை எடுத்து, ஆபீஸ் குழாயில் நிரப்பி, மீட்டரை இறக்கினார்.

ஒன்று புள்ளி ஏழு.

மேஸ்திரி குழாயடிக்குப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டார்.

"அதான் மத்தியானம் சாப்பிட்டதும் எல்லாவனும் சுருண்டு படுக்குறானா!" என்றார் மாமனார்.

"தொட்டியில இருந்து குடிதண்ணிக் குழாய்க்குக் கசியுது மாமா," என்றார் மாப்பிள்ளை. "அப்போ நாம ஊத்தின தண்ணியிலயே ஆல்கஹால் இருந்திருக்கு! நான் என்ன பண்ண முடியும்? தரையை உடைச்சுப் பாத்துடலாம்."

மாமனார் மாப்பிள்ளையை முதல் தடவையாகப் பெருமையோடு பார்த்தார். மேஸ்திரி கடப்பாரை எடுக்கப் போனார். அதிகாரி பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து, "குடிதண்ணிக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

தரையை உடைப்பார்கள் என்றதும், அந்தத் தரையைக் காலையில்தான் துடைத்திருந்த அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"தண்ணிய ஏன் சார் சந்தேகப்படுறீங்க? முதல் நாளே மாப்பிள்ளை ஒரு கேன் ஸ்பிரிட்டைக் கையில கொடுத்து, குடுவையில ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னாரு, நானும் ரெண்டு மாசமா ஒவ்வொரு தடவை கழுவினதும் அடியில ஒரு விரக்கடை ஸ்பிரிட் ஊத்தித்தான் மூடி வைக்கிறேன்!"