சாக்குக்கடை அண்ணாச்சிக்கு விழுந்த மாலை

கையில் டீ கிளாஸோடு நின்ற ஒரு மனிதரின் முன்னால், சாவுக்குப் போடும் கேத மாலையோடு போய் நின்று விசும்பியவன் நான். என்னைக் கொஞ்சம் விவரமானவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் வாசகர்கள், இந்த இடத்திலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அந்த மனிதர் எங்கள் சாக்குக்கடை அண்ணாச்சி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கருவேல மரம் எத்தனை என்று கேட்டால் தாசில்தாராலும் சொல்ல முடியாது. இந்தியக் கால்பந்து அணிக்கு ரசிகர் எத்தனை என்று கேட்டால் பச்சைப்பிள்ளையும் சொல்லிவிடும். ஒன்று.

மல்லி, மிளகாய், உளுந்து எதை மூடை போட்டாலும் சாக்கு அவர் கடையில்தான் வாங்க வேண்டும். நம் அணி தோற்றால் சொல்வதற்கான சாக்கும் அங்கேயே மொத்தமாகக் கிடைக்கும். மழை, ரெஃப்ரி, புல்லின் உயரம், எதிராளியின் உயரம். ஒருமுறை எல்லாம் தீர்ந்துபோய், "போன ஊர்ல நம்ம பயலுகளுக்கு ரசமே கெடைக்கலையாம் தம்பி. ரசம் இல்லாம எப்பிடி ஓடுவான்?" என்றார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போது செல்போனை ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார். மைதானத்தில் இருப்பவர்கள் அதில் பாதி ஓடியிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம். ஆட்டம் இல்லாத நாளில் வந்தவர்களுக்கு ஆஃப்சைடு விளக்குவார்.

"இந்த மல்லி மூடை அவன். இந்த மிளகா மூடை நம்மாளு. பந்தை அடிக்கிற நேரத்துல மிளகா, மல்லியத் தாண்டி நிக்கக் கூடாது."

"அண்ணாச்சி, திருச்சுழி பஸ்ஸு போயிரும். சாக்கக் குடுங்க."

"ஆஃப்சைடே தெரியாம போய் என்னத்த அறுவட பண்ணப் போற?"

அந்த விவசாயி அதற்குப் பிறகு சாக்கு வாங்க காரியாபட்டிக்குப் போவதாகக் கேள்வி.

இப்படி ஓடிக்கொண்டே இருந்தவரை நெஞ்சுவலி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர், உணர்ச்சிவசப்படக் கூடாது என்றாராம். "நம்ம டீமு ஆட்டம் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். "தாராளமா. அதுல உணர்ச்சிவசப்பட என்ன இருக்கு?" என்றாராம் டாக்டர். நெஞ்சைவிட அந்தப் பதில்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு ஆசை தம்பி. நம்ம டீமு ஜெயிச்சா, தெருவுல இன்னொருத்தன் வந்து என்கிட்ட 'ஜெயிச்சுட்டோம்ல'ன்னு சொல்லணும். ஒருத்தன் போதும்."

நானே சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அவர் ஊர் திரும்பிய மறுவாரம், காலையில் டீக்கடையில் இருந்தேன். வேட்டுச் சத்தம். எங்கள் பக்கத்தில் படபடவென்று தொடர்ந்து வெடித்தால் நல்ல காரியம். ஒன்று வெடித்து, கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்று வெடித்தால் கேதம். இது நிறுத்தி நிறுத்தி வெடித்தது.

"சாக்குக்கடைப் பக்கமில்ல கேக்குது?" என்றார் டீக்கடைக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் பாலை இறக்கி வைத்தார். நான் பூக்கடைக்கு ஓடினேன். "கேதமா, விசேசமா?" என்றார் பூக்காரர். கேதம் என்றேன். வழியெல்லாம் அண்ணாச்சிக்கு எழுத வேண்டிய இரங்கல் கட்டுரையின் முதல் வரி தானாக வந்துகொண்டிருந்தது. நல்ல வரி. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், யாருக்காவது ஆகும்.

கடை வாசலில் ஒரே புகை. அண்ணாச்சியின் சம்சாரம், எங்கள் மதினி, தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "மதினி..." என்று விசும்பினேன்.

"யாரு, தம்பியா?" என்று புகைக்குள்ளிருந்து அண்ணாச்சி வந்தார், ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் ஊதுபத்தி. "ஜெயிச்சுட்டோம்ல!"

விஷயம் இதுதான். முந்தின நாள் ஒரு நட்பு ஆட்டத்தில் நம் அணி ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. எப்போதோ ஒரு நம்பிக்கையில் வாங்கிச் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சரவெடியை அண்ணாச்சி எடுத்திருக்கிறார். திரியையெல்லாம் எலி கடித்துச் சரம் சரமாகவே இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்திருக்கிறார்.

"சணல் சாக்குக்கு நடுவுல இத்தன நாளா வெடிய வச்சுட்டு, மேல படுத்துத் தூங்கியிருக்காக தம்பி, இவுக!" என்றார் மதினி. தலையில் கை வைத்ததற்கு அதுதான் காரணம்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த டீக்கடைக்காரருக்கு, பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தது வீணாகிவிட்ட எரிச்சல். "எது, ஃபிரண்ட்லி மேட்ச்சா? சிநேகத்துக்கு ஆடுறதுதான? விட்டுக் குடுத்துருப்பான்."

"ஏலே, நானும் எம் மச்சானும் சின்ன வயசுலருந்து சிநேகம். ஒரு ரம்மி ஆட்டத்துல விட்டுக் குடுத்துருக்கானா அவன்?" அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை காலம் தோல்விக்கு இவர் சாக்கு சொன்னார்; ஜெயித்ததும் ஊர் அதற்கும் ஒரு சாக்கோடு வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க என்னைவிட அகலமான ஆள் வேண்டும்.

"இந்தா, தம்பியப் பாரு! சொல்லிவிடாமலே மாலையோட வந்திருக்காரு. சந்தோசத்துல கண்ணுல தண்ணி வேற."

டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் செய்த ஒரே ஃபவுல் அது.

"ஜெயிச்சுட்டோம்ல அண்ணாச்சி!" என்றேன். அவர் மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, கடைக்குள் மல்லிக்கும் மிளகாய்க்கும் நடுவே இரண்டு சுற்று ஓடினார்.

சில நாள் கழித்து, பழைய பத்திரிகைகளைக் கட்டி வைக்கச் சாக்கு வாங்கப் போனேன். அண்ணாச்சி இல்லை. மதினி சாக்கை உதறிக்கொண்டே, "அது கேத மாலைன்னு அவுகளுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. "பெறகு ஏன் மதினி போட்டுக்கிட்டாக?"

"'என்னைக்கோ போடப் போற மாலைதான, கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டே போட்டுக்குறேனே'ன்னாக."

மதினி சாக்கை மடித்து என் கையில் கொடுத்தார்.

"மாலையில ஒரு கொறையும் இல்லையாம். அழுததுதான் பத்தலன்னாக."