தெருவையே ஏரியலாக்கிய கம்பி முசே

ஒரு தெரு முழுவதையும் ஏரியலாக மாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் புதுச்சேரியின் சாரம் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; 'கம்பி முசே' என்று சொன்னால் ஆட்டோக்காரர்களும் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். இயற்பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார் என்பது என் சந்தேகம். நாங்கள் மதாம் என்று அழைக்கும் அந்த அம்மாள் கணவரைக் கூப்பிடுவதே, "இந்தா, கம்பி! காப்பி ஆறுது!" என்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வானொலித் தந்தி அடித்து ஓய்வு பெற்ற சொல்தா அவர்; எங்கள் ஊரில் பிரெஞ்சுச் சிப்பாயை அப்படித்தான் சொல்வோம். ஓய்வு பட்டாளத்திலிருந்துதான், தந்தியிலிருந்து அல்ல. உரிமம் வாங்கி வீட்டிலேயே ஒரு நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள தன்னைப் போன்றவர்களுடன் டிட்-டா அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத தகராறு ஒன்று உண்டு. நான் தேதி விஷயத்தில் கறாரானவன். அவரோ வானொலிக்காரர்களின் உலகப் பொது நேரத்தில் வாழ்கிறவர். அந்தக் கணக்கில் நம் ஊரில் காலை ஐந்தரை மணிக்குத்தான் புதுத் தேதி பிறக்கும். ஒரு பொங்கலன்று விடிவதற்கு முன் வாசலில் பார்த்து வாழ்த்துச் சொன்னேன்.

"எனக்கு இன்னும் போகி முடியல. அப்புறம் வா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் நிறைவேறாத ஆசை ஒன்று இருந்தது. அதன் பெயர் நூற்றறுபது மீட்டர்.

அவர்களுக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் மற்றவற்றைச் சின்னக் கம்பியை வைத்தே சமாளித்துவிடலாமாம். அடியில் கிடக்கும் இந்த நூற்றறுபது மீட்டருக்கோ முறைப்படி எண்பது மீட்டர் நீளக் கம்பி வேண்டும். எங்கள் தெருவே அவ்வளவு இருக்காது. ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவில் கபிரியேல் என்று அவருக்கு ஒரு நண்பர். பட்டாளத்தில் இருவருக்கும் ஒரே கூடாரம். எல்லா அலைவரிசைகளிலும் பேசித் தீர்த்த இருவரும் இதில் மட்டும் ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் கூப்பிட்டு, இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பங்குனியில் ஒரு செய்தி வந்தது. தனியாக இருக்க முடியாத கபிரியேலை அவர் மகன் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறான். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆணி அடிக்கவும் அனுமதியில்லை. மார்ச் மாதம் முடிந்த மறுநாள் காலை தீவிலுள்ள கம்பத்தை இறக்கிவிடுவார்கள்.

"அதான் வாட்ஸ்அப்புல மூஞ்சியப் பாத்தே பேசறீங்களே முசே, அப்புறம் இன்னா?" என்றாள் பக்கத்து வீட்டு மல்லிகா. தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

"அது எவனோ போட்ட கம்பிம்மா. இது நான் போடற கம்பி."

போட்டார். அவர் வீட்டுக் கம்பத்தில் ஏறி, மல்லிகா வீட்டு மொட்டைமாடியில் தலை உயரத்துக்கு இறங்கி, அதைத் தாண்டி என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வந்து முடிந்தது பச்சை உறை போட்ட அந்தக் கம்பி. அப்படியும் நீளம் பற்றவில்லை. குறைந்த நீளத்தை ஈடுகட்ட பிளாஸ்டிக் குழாயில் கம்பியைச் சுருளாகச் சுற்றி 'காயில்' ஒன்று செய்தார். கருவியிலிருந்து கிளம்பும் சக்தி ஏரியலுக்குள் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் இடது ஓரத்தில் படுத்தால் பொருத்தம் சரி. எழுந்து நின்றால் தவறு.

முதல் மாலை முள் படுத்தது. மதாம் தெருவுக்கே கேசரி கொடுத்தார். மறுநாள் எழுந்து நின்றது. அதற்கடுத்த நாள் படுத்தது. பிறகு இரண்டு நாள் எழுந்தது.

முசே முதலில் பூமியைச் சந்தேகித்தார். எர்த் கம்பியைச் சுற்றி ஈரம் பற்றவில்லை என்று தெருவில் அரிசி களைந்த கழனித் தண்ணீரையெல்லாம் தன் தோட்டத்தில் ஊற்றச் சொன்னார். மாடு வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுத்து காயில் மேல் சந்தேகம். பிறகு என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல். அதை நிறுத்தியதில் என் மோர் புளித்ததுதான் மிச்சம்.

கடைசி நாளும் வந்துவிட்டது. தீவில் சூரியன் கடலில் இறங்கும்போது இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நடுவிலுள்ள கடல் இருட்டி, தீவில் மட்டும் கடைசி வெளிச்சம் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் குரல் போய்ச் சேருமாம். அதற்குச் சற்று முன், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். முள் அழகாகப் படுத்திருந்தது. முகம் மலர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் கொஞ்சம் எழுந்தது. இன்னும் கொஞ்சம் எழுந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர் அலறினார்: "ஏ மல்லிகா! தொடாத!"

மல்லிகா மாடியில் சேலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எதன் மேலிருந்து? கம்பியின் மேலிருந்து.

முசே லுங்கியோடு அவள் மாடிக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன்.

"எடுத்ததத் திரும்பப் போடு!"

"முக்காவாசி காஞ்சிப் போச்சு முசே!"

"நனைச்சுப் போடு!"

"மாடியக் குடுத்தேன், ரெண்டு துணி காயப்போடக் கூடாதா? அதுக்கு இன்னாத்துக்குத் திட்டறீங்க?"

"திட்டலம்மா, கும்பிடறேன்! போடு!"

விஷயம் இதுதான். அவருடைய கம்பி குட்டை. ஈரச் சேலை அதை நீளமான கம்பி போல நடிக்க வைத்திருக்கிறது. மல்லிகா துணி துவைத்த மாலைகளில் மட்டும் முள் படுத்திருக்கிறது. காயிலில் இன்னும் சில சுற்றுகள் சேர்த்தால் போதும். ஆனால் கைவசம் கம்பியில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடையுமில்லை. நேரம் அறவே இல்லை.

மல்லிகாவின் சேலைகள் மீண்டும் வாளிக்குள் போய், பழையபடி விரிக்க நேரமில்லாமல் கும்பலாகக் கம்பியில் ஏறின. முசே மீட்டர் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே கத்தினார்: "பத்தல!" என் வேட்டி போனது. "இன்னும்!" மதாம் ஜன்னல் திரையைக் கழற்றிக் கொடுத்தார். "கொஞ்சம்தான்!" நான் வீட்டுக்கு ஓடி, கல்யாணச் சீராக வந்த ஜமக்காளத்தைத் தொட்டியில் முக்கித் தோளில் சுமந்துவந்து போட்டேன். கம்பி வில்லாக வளைந்தது.

"படுத்துடுச்சு! எல்லாரும் தள்ளி நில்லுங்க, கம்பியத் தொடாதீங்க!"

சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் அறைக்குள் போய் நின்றோம். முசே தந்திச் சாவியைத் தட்டினார். இரைச்சல். மறுபடி தட்டினார். இரைச்சல். மூன்றாம் முறை, அந்த இரைச்சலின் அடியில் கொசு ரீங்காரம் போல ஒன்று கேட்டது. டிட், டிட், டா. முசேயின் இடது கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. இவர் பதில் தட்டினார். அந்தப் பக்கம் மெலிதாக ஏதோ சொன்னது. பிறகு இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

"இன்னா சொன்னாரு?" என்றாள் மல்லிகா.

"என் சத்தம் அவனுக்கு எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு ஒரு நம்பர் சொன்னான். நானும் ஒரு நம்பர் சொன்னேன்."

"அவ்ளோதானா? இத்தினி துணிய நனைச்சிட்டு நம்பரு பேசனீங்களா? சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கல?"

"கூப்ட்டேன். கேட்டுச்சுன்னான். அதுக்கு மேல இன்னாம்மா வேணும்?" என்றவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஈரக் காற்று என்று எங்களிடம் விளக்கம் சொன்னார். மதாம் அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டார்.

கபிரியேல் பிரான்சுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த நேரத்துக்கு முசேயின் ஜன்னலிலிருந்து இன்றும் டிட்-டா சத்தம் வருகிறது. அதே நண்பரின் அழைப்புக்குறி, அதாவது வானொலிப் பெயர்தான். கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் இரைச்சலைக் கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிடுவார்.

"அங்க யாரும் இல்லன்னு தெரியுமே முசே" என்றேன் ஒருநாள்.

"தெரியும் தம்பி. கை கேக்க மாட்டேங்குது."

ஒரு செய்தியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உரிமத்துக்கான பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன். மதாமுக்கும் தெரியாமல், தினமும் விரலால் சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில எழுத்துகள் குழப்புகின்றன. அது போகட்டும்; ஒரு மாலை அவர் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, இரண்டு வீடு தள்ளியிருந்து யாராவது "கேட்டுச்சு" என்று சொன்னால் போதும்.