பட்டியலில் எழுதாத ஊசி

1987 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, காலை 10.41. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் தூறல், தெற்கிலிருந்து குளிர்காற்று. என் மைத்துனன் நேசன் தாலியைக் கையில் பிடித்தபடி மணவறையில் நின்றபோது, எழுபத்துமூன்று பேர் முன்னிலையில் நான் அவனைக் கள்ளன் என்றேன். (குழந்தைகளையும் சேர்த்தால் எண்பத்தெட்டு.)

காரணம் ஒரு சிவப்புப் பெட்டி. மங்கரேயில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவரிடம் வாங்கியது. மூடினால் பயணப்பெட்டி, திறந்தால் ரெக்கோர்ட் பிளேயர். மலிவாகக் கொடுத்ததால் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. அங்கேயே நின்று மூன்று வேகத்திலும் ஓடவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. சந்தேகம் இன்னும் கூடியது.

ஊசி மட்டும்தான் தேயும். அந்த வகை ஊசி இனிக் கிடைப்பது கஷ்டம் என்றார் ஒரு கடைக்காரர். (புதுப் பிளேயரை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.) அன்றிலிருந்து பாட்டு ஓடிய நிமிடங்களைக் கொப்பியில் எழுதி வந்தேன்.

ஒருநாள் வேலையால் வந்து பெட்டியைத் தொட்டால் சூடு. வீட்டில் எங்களோடு நேசன் இருந்தான். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் இரவு வேலை, பகல் முழுக்க வீட்டில். வேறு யார்? என் மனைவி சரோ, பாட்டுப் பெட்டியைக் கண்டாலே தலையிடி என்பவள். மறுநாள் சத்தக் குமிழில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனேன். மாலையில் கோடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.

"தம்பி, பகலிலை பாட்டுக் கேக்கிறனியோ?"

"நான் பகலிலை நித்திரை கொள்ளுறனான், அத்தான்."

கேட்டவுடனே பதில். முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவன்தான் அவ்வளவு விரைவாகச் சொல்லுவான்.

இதற்குள் அவனுக்கே கலியாணம் நிச்சயமாயிற்று. எங்களுக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழாதபடி கெட்டிமேளம் முழங்க வேண்டும். கெட்டிமேளம் உள்ள இசைத்தட்டு என்னிடம் இருந்தது. பொறுப்பும் என்னிடமே வந்தது. தன் கலியாணத்துக்கு முன்பே இவன் ஊசியைத் தேய்த்து முடித்துவிடுவான் என்று பயந்து, பன்னிரண்டு நாள் இருக்கும்போதே அதைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, என் அலுவலகக் கோட்டின் உள்பையில் போட்டேன்.

மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டியவற்றுக்குப் பட்டியல் எழுதினேன். பெட்டி, இசைத்தட்டு, நீள வயர், மாற்று ஃபியூஸ், தூசி துடைக்கத் துணி, டோர்ச். ஆறையும் மூன்று தடவை சரிபார்த்தேன். ஊசியை எழுதவில்லை. பட்டியலை நேசன் பார்த்துவிட்டால்? காரில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன், ஒருவரையும் தொடவிடவில்லை. (நான் உடுத்திருந்தது வேட்டி சால்வை. கோட்டு வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்கியது.)

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கை காட்டினார். நான் பெட்டியின் ஊசிக்கையைக் கம்பீரமாக இசைத்தட்டில் இறக்கினேன். 'கர்ர்' என்றது பெட்டி. பிறகு அமைதி. அந்த அமைதியில் பெண்ணின் சித்தப்பா மண்டபம் அதிரத் தும்மினார்.

நான் குனிந்து பார்த்தேன். ஊசி இல்லை.

"கள்ளன்! இவன்தான் ஊசியை எடுத்தவன்!"

"அத்தான்," என்றான் நேசன், "என்ரை கையிலை தாலிதான் இருக்கு."

பெண்ணின் தகப்பனார் எழுந்துவிட்டார். "மேளமில்லாமல் என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறாது. கண்டியளோ, தும்மலும் விழுந்திட்டுது!" முகூர்த்தம் முடிய இன்னும் ஒன்பது நிமிடம் என்றார் ஐயர். அப்போதுதான் எனக்குத் தீப்பெட்டி நினைவுக்கு வந்தது. வீடு இருபத்தைந்து நிமிட ஓட்டம்.

"கோட்டுக்குள்ளை..." என்றேன் மெல்ல.

"ஏனப்பா கழட்டினனியள்?" என்று கேட்டாள் சரோ.

"இவன் பகலிலை போட்டுத் தேய்க்கிறான்."

"அவனில்லை, நான்தான். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு வீடு செத்துப்போய்க் கிடக்கும். இந்த ரெண்டு கிழமைதான் கலியாண வேலையாலை பெட்டியைத் திறக்கேல்லை."

"உனக்குத் தலையிடி எண்டனி?"

"நீங்கள் கொப்பியோடை பக்கத்திலை நிண்டு நிமிஷம் எண்ணினால் ஆருக்குத்தான் இடிக்காது?"

எண்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிப்பின் நடுவே இன்னொரு தரம் தும்மினார். சரோ குசினிக்குள் ஓடி, சாம்பார்ச் சட்டி மூடியும் அகப்பையுமாக வந்து அடிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் தட்டுகளையும் இரும்புக் கதிரைகளையும் பிடித்தார்கள். கடைசியில் பெண்ணின் தகப்பனாரே ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து இரண்டு கையாலும் முழக்கினார். 10.49க்குத் தாலி ஏறியது. எனக்குத் தட்டுவதற்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை. ஊசியில்லாத பெட்டியை மூடி அதன் முதுகில் தட்டினேன்.

இன்றும் எந்தக் கலியாண வீட்டு வாசலிலும், சந்தனம் தருவதற்கு முன் நேசனின் பிள்ளைகள் கேட்பார்கள்: "மாமா, ஊசி?" என் மகளுக்குக் கலியாணம் வந்தபோது, "அப்பா, நோ மெஷீன்ஸ்" என்றாள் அவள். சிட்னியிலிருந்து உயிருள்ள மேளக்காரர் நால்வரை என் செலவில் வரவழைப்பது என்று சரோவும் நேசனும் என்னைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், சம்பளம், தவிலுக்குத் தனிப் பொதிக்கட்டணம் (இதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு), எல்லாமாக 7,846 டாலர் 50 சதம்.